மணல் குடித்தது போக

மருக்காரைக் காயை இடித்து மடுவில் கரைப்பதற்கு முன்னால் ஒரு ஆள் பாறைமேல் ஏறி நின்று, ஓடை போகிற திசையைப் பார்த்துக் கூவ வேண்டும். "தண்ணி கெட்டுது! தண்ணி கெட்டுது!" என்று தொண்டை கிழியக் கூவினால் கீழே மாடு மேய்க்கிறவர்களும் துணி துவைக்கிறவர்களும் விலகிப் போவார்கள். காய்ச்சாறு கலந்ததும் மீனெல்லாம் மயங்கி, வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும். கூடையால் அள்ள வேண்டியதுதான். அந்த மீனைத் தின்கிறவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அந்தத் தண்ணீரைக் குடித்தால் சினைமாடு மாதம் நிறையும் முன்னே கன்றைப் போட்டுவிடும் என்று ஜவ்வாது மலையில் நெல்லிக்கொல்லைக்காரர்கள் அத்தனை பேரும் நம்பினார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் அந்தப் பக்கம் தலைகாட்டவே மாட்டார்கள். மடு தெளிந்த பிறகு, காயைக் கரைத்த ஆளே முதல் கை தண்ணீரைக் குடித்துவிட்டு, "தண்ணி தெளிஞ்சுது" என்று மறுபடியும் கூவ வேண்டும். அதுவரைக்கும் வேறு யாரும் அதில் வாய் வைக்கக் கூடாது. ஊர்க்கட்டு அப்படி.

எண்பத்து மூன்றாம் வருஷம் கோடையில் கூவியதும் மங்கம்மாள், கரைத்ததும் மங்கம்மாள்.

அவளுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மகள் செல்லியம்மாளை அடிவாரத்தில், ஒடுகத்தூருக்குப் பக்கத்தில் ஆற்றங்கரையில் இருக்கிற புங்கந்தாங்கலில் கொடுத்திருந்தாள். முதல் இரண்டு பிள்ளையும் வயிற்றில் தங்கவில்லை. இப்போது ஏழாவது மாதம். நாக்குக்கு ஒன்றும் பிடிக்கவில்லை, மலை ஓடைக் கெண்டை மீன்தான் வேண்டும் என்று சந்தைக்கு வந்த ஆளிடம் சொல்லியனுப்பியிருந்தாள். மழையே பார்க்காத வருஷம். ஓடை வற்றி, மடுவில் மட்டும் இடுப்பளவு தண்ணீர் கிடந்தது. தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க மங்கம்மாளுக்குப் பொறுமை ஏது? முந்தின நாளே காயைப் பறித்து வைத்துவிட்டாள்.

அவள் புருஷன் ரங்கன் மடுவின் வாய்க்கு மண்ணும் கல்லும் வைத்து அணை கட்டிக்கொண்டிருந்தபோது மேற்கே பார்த்தான்.

"இன்னாமே, மேக்கால கறுத்துகினு வருதே. இன்னிக்கி வாணாம். நாளைக்கிப் பாத்துக்கலாம்."

"வருசம் பூரா கறுத்துகினுதான் கீது. ஒரு சொட்டு வுழுந்துதா? நீ அணையக் கட்டுயா."

"மானத்த நம்பாதமே."

"மானத்தயும் நம்பல, உன்னையும் நம்பல. எம் பொண்ணு வாயி ருசிக்கிக் கேட்டுட்டா. அம்மாந்தான்."

ரங்கன் அடுத்த கல்லைத் தூக்கி அணையில் வைத்தான். இருபது வருஷமாக அவளோடு குடித்தனம் நடத்துகிறவனுக்கு எந்த இடத்தில் வாயை மூட வேண்டும் என்று தெரியாதா என்ன.

வெயில் ஏறுவதற்குள் கூடை நிறைந்துவிட்டது. மங்கம்மாள் மீனைக் கழுவி, உப்பைத் தடவி, பாறையில் பரப்பிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் மேல்மலையில் இடி இறங்கியது. அவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வந்தது, அதன் பின்னாலேயே மழை. வருஷம் பூராவும் ஏமாற்றின மழை, அன்றைக்குப் பார்த்துத்தான் வட்டியும் முதலுமாகக் கொட்டியது. மேலே இருந்து ஓடை செம்மண் நிறத்தில் உருண்டு வந்தது. ரங்கன் ஓடிப்போய் அணைக்கு முட்டுக் கொடுத்தான். ஒரு கல் புரண்டு அவன் காலைக் கிழித்ததுதான் மிச்சம். அணை போயிற்று. மடுவில் கிடந்த தண்ணீர் அப்படியே பாறையில் வழிந்து கீழே இறங்கியது.

மங்கம்மாள் அது போகிற திசையைப் பார்த்தாள். கீழே, கடைசியில், புங்கந்தாங்கல். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஆற்றில் புதுத்தண்ணி வந்தால், ஊரில் எந்த மருமகள் பிள்ளை உண்டாகி இருக்கிறாளோ அவள்தான் முதல் குடம் எடுப்பாள். கற்பூரம் ஏற்றி, குடத்திலிருந்து ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டுத்தான் கரை ஏறுவாள். ஆறு அவள் வயிற்றைக் காக்கும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை.

"எம் பொண்ணு குடிச்சிடுவாயா! மொத கையி அவதான் குடிப்பா!"

"அம்மாந் தூரம் போவறதுக்குள்ள..."

"தண்ணிக்கு இன்னா காலு வலிக்குமா, குந்திகினு வர்றதுக்கு? இங்க பேஞ்சா அங்க ஓடுது. நான் போறேன்."

ரங்கன் காலில் துணியைச் சுற்றிக்கொண்டே சொன்னான். "போயி இன்னான்னு சொல்லுவ? நாந்தான் வெசத்தக் கரைச்சேன்னா? ஏற்கெனவே ரெண்டு போச்சி. சம்மந்தி வூட்ல அதுக்கும் நம்மளத்தான் சொல்லுவாங்க. பொண்ண இங்கயே கொண்டாந்து வுட்டுட்டா?"

"வுட்டா வுடட்டும். உசுரோட வரட்டும்."

சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள். மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. தடம் ஓடையை ஒட்டியே இறங்கியது. ஒவ்வொரு வளைவிலும் எட்டிப் பார்த்தாள். கரடிப்பாறைப் பக்கமிருந்து ஒரு கிளை ஓடை வந்து சேர்ந்தது. மூங்கில் சரிவிலிருந்து இன்னொன்று. அதற்கும் கீழே, பேரே இல்லாத ஒரு பள்ளம் கூட அன்றைக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொட்டியது. எல்லாம் சேர்ந்து இரைச்சலோடு அவளை முந்திக்கொண்டு ஓடின. அவளுக்கு அது மருக்காரைத் தண்ணீராக மட்டுமே தெரிந்தது. 'நில்லுடி, நில்லுடி' என்று ஓடையைத் திட்டிக்கொண்டே இறங்கினாள். பாதி மலையில் ஓடை பள்ளத்தாக்குக்குள் குதித்து மறைந்துவிட்டது. தடம் வேறு பக்கம் திரும்பியது. அதற்குப் பிறகு அவளுக்கு ஆறு கண்ணில் படவில்லை. பார்க்காத வரைக்கும் பயம் இன்னும் வளர்ந்தது.

அடிவாரத்தில் கலீல் பாயின் லாரி நின்றிருந்தது. கலீல் பாய் வாணியம்பாடிக்காரர். தோல் பதனிடுகிற தொட்டிகளுக்குக் கடுக்காய் வாங்கிப்போக மலையடிவாரத்துக்கு வருகிறவர். நெல்லிக்கொல்லையில் அவரைத் தெரியாத வீடு கிடையாது. மூட்டை ஏற்றி முடித்து, லாரியைக் கிளப்பப் போனவர் அவளைப் பார்த்துவிட்டார்.

"அரே, மங்கம்மாக்கா! இன்னா இது, கோழி மாதிரி நனைஞ்சிகினு? ஏறு, ஏறு. ஒடுகத்தூர்ல எறக்கி வுட்றேன்."

அவள் ஏறி, மடியில் எதையோ வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். லாரி கிளம்பி ஒரு வளைவு தாண்டியது. பிறகு கேட்டாள்.

"பாய், எங்க ஓடைத் தண்ணி எம்மாந் தூரம் போவும்?"

"உங்க ஓடையா? கீழ எறங்குனா அதான் உத்திரகாவேரி. பள்ளிகொண்டாகிட்ட போயி பாலாத்துல சேந்துக்குது. பாலாறு மைசூர்ப் பக்கம் மலையில பொறந்து, எங்க வாணியம்பாடி, ஆம்பூரு எல்லாம் தாண்டி வருதில்ல? அதோட இதுவும் சேந்துகினு வேலூரு, ஆற்காடு, வாலாஜா, காஞ்சிபுரத்துப் பக்கம், செங்கல்பட்டு... அப்பால சமுத்திரம்."

"அத்தினி ஊருமா அத்தக் குடிக்குது?"

"குடிக்குது. அதுலதான் நெல்லு வெளையுது. துணி வெளுக்குது. நாங்க தோலு ஊற வெக்கிறோம். மேல பாத்தா வெறும் மணலு. தோண்டுனா தண்ணி. இந்தப் பக்கத்து சனம் பூரா அத்த நம்பித்தான் கீது."

ஊர்ப் பேர்களை மங்கம்மாள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். அதுவரைக்கும் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்குத்தான் பயந்துகொண்டிருந்தாள். இப்போது வேலூரிலும் ஆற்காட்டிலும் எத்தனை பேர் வயிற்றோடு இருப்பார்களோ!

"மலைக்கு அந்தாண்ட பக்கத்து ஓடைன்னா?"

"அது செய்யாறு. கலசப்பாக்கம் வழியா சுத்திகினு போயி, கட்டக் கடைசில அதுவும் பாலாத்துலதான் வுழுது. ஏன்க்கா கேக்கற?"

அவளால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டாள். கலீல் பாய் முதலில் சிரித்தார். அவள் அழுகிற அழுகையைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"அக்கா, ஒரு கூடக் காயிக்கி நீ மலையிலேர்ந்து இந்த ஓட்டம் ஓடியார. எங்க ஊர்ல தொட்டித் தண்ணி தெனம் ஆத்துக்குத்தான் போவுது. எங்க வூட்டுக் கெணறு கரிக்குது. ஷம்ஷாத்து குடிதண்ணிக்கித் தெரு தாண்டித் தெரு போறா. பொண்டாட்டி கொடம் தூக்கறத நான் தெனம் பாக்கறேன். தண்ணி கெட்டுதுன்னு எவன் கூவுனான்? நானும் கூவல." கியரை மாற்றினார். "ஒண்ணும் ஆவாது, அழாத. அல்லா கீறான்."

ஒடுகத்தூரில் இறங்கிக் கடலைக்காட்டு வரப்பில் ஓடினாள். மழை அங்கே எட்டிப் பார்க்கக்கூட இல்லை. பொழுது சாயத் தொடங்கியிருந்தது. புங்கமரங்களைத் தாண்டி ஆற்றங்கரைக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டாள். ஆறு மணலாகக் கிடந்தது. எதிரே, பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, பெரிய வயிற்றோடு, ஈரக் குடம் தளும்பத் தளும்ப, செல்லியம்மாள் கரை ஏறி வந்துகொண்டிருந்தாள்.

வெள்ளம் வந்து, ஓடி, வடிந்தும் போய்விட்டது என்றே மங்கம்மாள் நினைத்தாள். மலையில் அப்படித்தான். இடி இடித்து முடிப்பதற்குள் வரும், துணி காய்வதற்குள் வடிந்துவிடும். மகள் முதல் குடமும் எடுத்துவிட்டாள். குடித்தும் இருப்பாள்.

"தண்ணி கெட்டுது!" என்று கூவினாள். மலையில் பாறைமேல் நின்று கூவுகிற அதே குரல். "தண்ணி கெட்டுது! குடிக்காதீங்கோ! தண்ணி கெட்டுது!"

கூவிக்கொண்டே போய் மகள் இடுப்பிலிருந்த குடத்தைத் தட்டிவிட்டாள். அவள் சீராகக் கொடுத்த குடம்தான் அது. கல்லில் விழுந்து, 'ணங்' என்று உருண்டு, ஒரு பக்கம் நசுங்கி நின்றது. ஊரே கரைக்கு வந்துவிட்டது.

"யம்மா! இன்னா ஆச்சி உனுக்கு?" செல்லியம்மாள் பயந்துபோய் நின்றாள்.

"குடிச்சியாடி? சொல்லுடி, குடிச்சியா?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சாந்தம்மாள் வந்தாள். செல்லியம்மாளின் மாமியார். பேச்சில் கொஞ்சம் காரம் தூக்கல் என்று பேர் வாங்கினவள். "இன்னா அண்ணி, வந்ததும் வராததுமா கொடத்த ஒடைக்கற? அப்பிடி இன்னா கெட்டுப் போச்சி?"

மறைக்க வேண்டும் என்று மங்கம்மாளுக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. ஊர் பார்க்க, மருமகன் ராஜாக்கண்ணு பார்க்க, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மடு, காய், மழை, போன அணை, தன் பிடிவாதம், எதையும் விடவில்லை. சாந்தம்மாளின் முகம் மாறியது.

"அப்ப, மின்ன ரெண்டு போச்சே, அப்பவும் நீங்க மேல இதத்தான் கரைச்சீங்களா?"

இந்தக் கேள்விக்குத்தான் ரங்கன் பயந்தான். மங்கம்மாள் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "இல்ல அண்ணி. கோடையிலதான் கரைப்போம், அதுவும் அணை கட்டித்தான். அது ரெண்டும் போனது தை, மாசியில. எம் பொண்ணு மேல சத்தியமா இல்ல."

சாந்தம்மாள் அவளையே பார்த்தாள். சேறு அப்பின கால், முள் கிழித்த புடவை, அழுது வீங்கின கண். பிறகு ஆற்றைத் திரும்பிப் பார்த்தாள். திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"தே, அண்ணி. இந்த ஆத்தப் பாரு. தண்ணி எங்க வந்துது?"

"வந்துட்டுப் போயிருக்கும்..."

"வந்துட்டுப் போறதுக்கு அது இன்னா ஒடுகத்தூர் பஸ்ஸா? மணலக் கையில எட்த்துப் பாரு."

மங்கம்மாள் ஒரு கை மணலை அள்ளினாள். சூடாக, பொலபொலவென்று விரலிடுக்கில் உதிர்ந்தது.

"உங்க மலையில பாறை. வுழுந்த தண்ணி அப்பிடியே ஓடிப்புடும். இங்க அப்பிடி இல்ல. ஒரு வருசமாக் காஞ்சி கெடக்குது மணலு. மொதல்ல அது குடிக்கணும், அதுக்கு வவுறு ரொம்புனாத்தான் நமக்கு வுடும். உன் வெள்ளம் மேல எங்கியோ மணல்ல தவழ்ந்துகினு கீது. நீதான் அத்த முந்திகினு ஓடியாந்துட்ட!"

"அப்ப கொடத்துல?"

"ஊத்துல மொண்ட தண்ணி அது, அத்த," என்றான் ராஜாக்கண்ணு. மணலில் தோண்டியிருந்த குழியைக் காட்டினான். "போன வருசத்து தண்ணி அது. கெட்டுப்போவல."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். மங்கம்மாளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "வயித்துல பால வாத்தீங்க, சாமி," என்று மகளைக் கட்டிக்கொண்டாள். உள்ளேயிருந்து பிள்ளை உதைத்தது அவள் வயிற்றிலும் பட்டது. அந்த ஒரு உதைக்காக இன்னொரு முறை மலை ஏறி இறங்கியிருப்பாள்.

"அது சரி, மடியில இன்னாது நாறுது?" என்று கேட்டாள் சாந்தம்மாள்.

அப்போதுதான் மங்கம்மாளே குனிந்து பார்த்தாள். ஓடி வந்த பதற்றத்தில், பாறையில் கிடந்த மீனை முந்தானையில் வாரிக் கட்டிக்கொண்டே வந்திருக்கிறாள். கலீல் பாய் வழியெல்லாம் எப்படிச் சகித்தாரோ!

சாந்தம்மாள் அதை அலசி, புளியைக் கெட்டியாகக் கரைத்து, காய்ந்த மிளகாய் அரைத்துவிட்டுக் குழம்பு வைத்தாள். கேழ்வரகுக் களிக்கு அந்தக் குழம்பு எடுபட்டது. ஆனால் செல்லியம்மாள் தட்டில் ஒரு துண்டு விழ மங்கம்மாள் சம்மதிக்கவில்லை.

"எனுக்காகப் புடிச்ச மீன எனுக்கே குடுக்க மாட்டேன்னா இது இன்னா நாயம்?"

"நாயத்த அப்பால பேசு. நீ கீரைய ஊத்திகினு துண்ணு."

"அத்த, நீங்களாச்சும் சொல்லுங்க."

"உங்கம்மா சொல்றது சரிதான்," என்று சாந்தம்மாள் மீனின் தலையை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். மங்கம்மாளின் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றினாள். "மறைச்சிருக்கலாம், அண்ணி. யாருக்குத் தெரியும்? மறைக்காம வந்தியே, அதுக்குத்தான் இந்த நடுத்துண்டு."

மறுநாள் விடிந்து, மாடுகளை அவிழ்க்கிற நேரத்தில் ஆறு வந்தது. மங்கம்மாள் இரைச்சலை எதிர்பார்த்துக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் அது சத்தமில்லாமல் வந்தது. காய்ந்த சருகு, நுரை, குச்சி, புளியம்பழத்து ஓடு எல்லாவற்றையும் முன்னால் தள்ளிக்கொண்டு, மணலில் நக்கி நக்கி நகர்ந்தது. மணல் சொய்ங் என்று குடித்து, குமிழ் விட்டது. ஒரு பள்ளம் நிறைந்தது, நின்றது, பிறகு அடுத்த பள்ளத்துக்குப் போனது. இதற்கா நேற்று அந்த ஓட்டம் ஓடினோம் என்று மங்கம்மாளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. வெயில் ஏற ஏறத் தண்ணீர் அகன்று, கரையிலிருந்து கரைக்குப் பரவியது. கரடிப்பாறை ஓடையும் மூங்கில் சரிவும் பேரில்லாத பள்ளமும் இன்னும் அவள் பார்த்தே இராத எத்தனையோ ஓடைகளும் அதில் இருந்தன. அவளுடைய ஒரு கூடைக் காய் இதில் எந்த மூலைக்கு?

இருந்தாலும் செல்லியம்மாளைக் குடத்தோடு கரையிலேயே நிறுத்தி வைத்தார்கள். ராஜாக்கண்ணு துண்டை விரித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினான்.

"மீனு மெதக்குதா பாருய்யா," என்று மங்கம்மாள் கரையிலிருந்து கத்தினாள்.

அவன் துண்டை இழுத்துத் தூக்கினான். உள்ளே விரல் நீளத்துக் கெண்டைகள் துள்ளின. ஒன்று எகிறி அவன் மூக்கில் அடித்துவிட்டு மறுபடி ஆற்றிலேயே விழுந்து நீந்திப் போனது.

"மயக்கமாவது மண்ணாவது! என்னியவே அறையுது, அத்த!"

"அந்த மீன வுடாத! எனுக்கு!" என்றாள் செல்லியம்மாள்.

சாந்தம்மாள் கற்பூரத்தை ஏற்றினாள். எல்லாரும் மருமகளைப் பார்த்தார்கள். மங்கம்மாள்தான் கையைத் தூக்கித் தடுத்தாள்.

"இரு. எங்க ஊரு கட்டு ஒண்ணு கீது. கரைச்சவ குடிச்சப்பறந்தான் மத்தவங்க."

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்காலளவு தண்ணீரில் இறங்கினாள். அது கலங்கலாக, மண் வாசனையோடு, குளிர்ந்திருந்தது. இரண்டு கையாலும் அள்ளினாள். கண்ணை மூடிக் குடித்தாள். மண் பல்லில் நறநறத்தது. தன் மலையே வாய்க்குள் இறங்கியது மாதிரி இருந்தது அவளுக்கு. இன்னொரு கை அள்ளிக் குடித்தாள்.

பிறகு ஆறு போகிற திசையைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அந்தப் பக்கம் பள்ளிகொண்டா, அப்பால் வேலூர், ஆற்காடு, வாலாஜா. கலீல் பாய் சொன்ன ஊரெல்லாம் அந்த வளைவுக்குப் பின்னால்தான் இருக்கின்றன.

"தண்ணி தெளிஞ்சுது!" என்று கூவினாள். "தண்ணி தெளிஞ்சுதுங்கோ!"

எதிர்க்கரையில் எருமையை இறக்கிக்கொண்டிருந்த ஆள் நின்று, கையைக் காதில் வைத்துக் கேட்டான். "கெட்டுச்சா? எப்பம்மா கெட்டுச்சி?"

ஆற்றங்கரையே கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்போடு செல்லியம்மாள் தண்ணீரில் இறங்கி, குடத்தை அமிழ்த்தி, முதல் குடத்தை மொண்டாள். ஒரு கை அள்ளிக் குடித்தாள். மங்கம்மாள் மகளின் தொண்டைக்குழியையே பார்த்துக்கொண்டு நின்றாள். குடித்து முடித்து, வாயைத் துடைத்து, செல்லியம்மாள் குடத்தை இடுப்பில் ஏற்றினாள். இரண்டு மாதமாக வயிறு இடித்துக்கொண்டு குடம் சரியாக உட்காராமல் நழுவிக்கொண்டே இருந்தது. இன்றைக்கு நசுங்கின பக்கம் வயிற்றோடு வாகாகப் பொருந்திக்கொண்டது.

"யம்மா," என்றாள் கரை ஏறிக்கொண்டே, "கொடத்தத் தட்டறதுக்கு இன்னும் கொஞ்சம் மின்னாடியே வந்திருக்கலாம்."